கூடுவாஞ்சேரி ஸ்டெப்னி

“செவப்பா, நீலமா?”

துளசிங்கம் கடைசியாகக் கேட்ட கேள்வி அது. கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, உள்ளங்கை அகலத்தில் ஆட்டோ சீட்டுக்கான இரண்டு ரெக்ஸின் துண்டுகளை முழங்காலுக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டு தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தான். முந்தின நாள் வந்து இறங்கிய ஆட்டோ வாசலில் நின்றது. வண்டியின் நெற்றியில் சந்தனப் பொட்டு. சீட்டின் மேல் சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட இன்னும் பிரிக்கவில்லை.

அவன் மனைவி சாமுண்டீஸ்வரி பின்கட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். “எதுனா ஒண்ணு வாங்குங்க. கையெல்லாம் செதிலு” என்றாள், திரும்பிப் பார்க்காமலே.

“எதுனா ஒண்ணு வாங்கறதுக்கு உன்ன இன்னாத்துக்குக் கேக்கணும்?” என்று சிரித்தான். வெயிலில் வைத்துப் பார்த்தால்தான் நிறம் தெரியும் என்று துண்டுகளை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான்.

குழம்பை இறக்கி வைத்துவிட்டுச் சாப்பிடக் கூப்பிடப் போனபோது, ஆட்டோவின் பின்சீட்டில் நடுவாக, சவாரி வந்தவன் மாதிரி சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முகத்தில் வலி எதுவும் இல்லை. தூக்கம் என்றுதான் நினைத்தாள். “புது வண்டி வந்தா அதுலயே தூங்கணுமா?” என்று தோளைத் தொட்டாள்.

நெஞ்சடைப்பு என்றார் டாக்டர். அவளுக்கு அந்தச் சொல் காதில் ஏறவே சில நாள் ஆயிற்று.

இது நடந்து ஒன்றரை மாதம் ஆகிறது.

செம்பாக்கம் ஏரிக்குக் கீழே நெல் விளைந்த பூமி மனைக்கட்டாகி, அக்காள் தாயாரம்மாளுக்கும் தம்பிமார் இருவருக்கும் பங்கு பிரிந்ததும், பெரியவன் துளசிங்கம் தன் பங்கில் ஆட்டோ வாங்கியதும் ஊரறிந்த கதை. வாடகைக்கு விடப்போகிறேன் என்றுதான் எல்லோரிடமும் சொன்னான். தாயாரம்மாளின் கணவர் சுப்பராயலு, சேலையூரில் சிமெண்டுக் கடை வைத்திருப்பவர், வெளுத்த வேட்டியும் வெற்றிலை வாயுமாக ஊரில் நாலு பஞ்சாயத்துக்குப் போய் வருகிறவர், அப்போதே ஒரு பேச்சுப் பேசினார்.

“வாடகைக்கு விடறதுன்னா சரி. நாலு ஏரு பூட்டின குடும்பம். காக்கி சட்ட மாட்டிகினு ஸ்டேஷன் வாசல்ல ‘வாங்க சார், வாங்க சார்’னு நிக்காம இருந்தா சரி.”

எல்லோரும் சிரித்தார்கள். துளசிங்கமும் சேர்ந்து சிரித்தான்.

அவன் போய், காரியமும் முடிந்து, வீடு கொஞ்சம் மூச்சுவிட ஆரம்பித்த நேரத்தில்தான் போன வாரம் தாயாரம்மாள் வந்து ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டுப் போனாள்.

“மீன்காரி சொல்றா. கூடுவாஞ்சேரில நம்ம வூட்டு ஆம்பள ஒருத்தர ஏதோ ஒரு வூட்டு வாசல்ல பாத்தாளாம். ஒரு வாட்டி இல்ல, நாலஞ்சு வாட்டி. யாருன்னு மூஞ்சி சரியா தெரியலயாம். எங்க வூட்டுக்காரர கேட்டேன். மொதல்ல மழுப்பினாரு. அப்பறம், ‘போய்ட்டவனப் பத்தி இன்னாத்துக்குப் பேசற? உன் தம்பி அங்க ஒரு ஸ்டெப்னி வச்சிருந்தான்’னுட்டாரு.”

ஆட்டோக்காரர்கள் பேச்சில் ஸ்டெப்னி என்றால் மாற்றுச் சக்கரம். அதையே குரலைத் தாழ்த்திச் சொன்னால் இன்னொருத்தி. தாயாரம்மாள் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். சொல்லிவிட்டு அவளும் அழுதாள். என்ன இருந்தாலும் கூடப் பிறந்தவன்.

சாமுண்டீஸ்வரி அழவில்லை. துளசிங்கம் ஆறு மாதமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ‘மனை பார்க்க’ப் போய் வந்ததை நினைத்தாள். சாயங்காலம் உடம்பெல்லாம் புழுதியாகத் திரும்புவான். ஆனால் போட்டுக்கொண்டு போன சட்டை மட்டும் இஸ்திரி மடிப்புக் கலையாமல் இருக்கும். துவைக்கும்போது அவளே அதிசயப்பட்டிருக்கிறாள். இப்போதுதான், அந்தச் சட்டையை எங்கே கழற்றி வைத்திருப்பான் என்று யோசிக்கத் தோன்றியது.

யோசிக்க ஆரம்பித்த பிறகு அவன் படத்துக்கு விளக்கேற்றுவதுகூட ஒரு வேலையாகிவிட்டது. ஏற்றுவாள், நிமிர்ந்து முகத்தைப் பார்க்க மாட்டாள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கொழுந்தன் சிட்டிபாபு வந்தான். குரோம்பேட்டையில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டுகிறவன். அதட்டிப் பேசத் தெரியாத பிள்ளை.

“அண்ணி, ஸ்டாண்டுல சேட்டுன்னு ஒரு டிரைவரு. வண்டிய வாடகைக்கு எடுத்துக்கறேன்றான். ஆனா மொட்ட வண்டிய எவன் ஓட்டுவான்னு கேக்கறான். சீட் கவரு, மழைக்குப் படுதா, கண்ணாடி, ஹாரன், ஸ்டெப்னி எல்லாம் போட்டுக் குடுக்கணுமாம்.”

கடைசிச் சொல்லைச் சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

“வண்டியோட ஸ்டெப்னி வரலயா?” என்றாள் அவள்.

“தனியாத்தான் வாங்கிக்கணும்னுட்டாங்க. அண்ணன்தான் நான் பாத்துக்கறேன்னாரு.” தலையைச் சொறிந்தான். “நீங்க வர வேணாம். நானே போய் வாங்கியாந்துடறேன்.”

“நானும் வரேன்” என்றாள் சாமுண்டீஸ்வரி. ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. துளசிங்கம் கேட்ட ஒரு கேள்விக்கு இன்னும் பதில் சொல்லாமல் இருப்பது மட்டும் எங்கேயோ முள்ளாக இருந்தது.

மகள் சரசுவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் புறப்படுவதற்குள் தாயாரம்மாள் வந்து நின்றாள். நாலு வீடு தள்ளித்தான் அவள் வீடு. வண்டியின் சத்தம் கேட்டிருக்கிறது.

“தாலி எடுத்து முழுசா ரெண்டு மாசம் ஆவல. ஆட்டோல ஏறிக் கடைத்தெருவுக்குப் போனா ஊரு இன்னா பேசும்? தள்ளு, நானும் வரேன்.”

பிளாஸ்டிக் தாளை சிட்டிபாபு எப்போதோ கிழித்துப் போட்டிருந்தான். பெண்கள் இருவரும் ஆளுக்கு ஒரு ஓரமாக, நடுவில் ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்தார்கள். யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஸ்கூட்டர் ஓட்டத் தெரிந்த தைரியத்தில் சிட்டிபாபு ஓட்டினான். புது வண்டி, முப்பதுக்கு மேல் போகக்கூடாது. வேளச்சேரி ரோட்டில் சைக்கிள்காரர்கள்கூட முந்திக்கொண்டு போய்த் திரும்பிப் பார்த்தார்கள்.

“அடேய், நடந்து போனா இந்நேரம் வந்திருப்போம்” என்றாள் தாயாரம்மாள்.

“எறங்கி நடக்கறியா அக்கா? நான் பின்னாலயே வரேன்.”

மேற்குத் தாம்பரத்தில், மார்க்கெட்டை ஒட்டிய சந்தில் இருந்தது சம்பத்தின் கடை. ஆட்டோ சாமான் மட்டும்தான். கூரையிலிருந்து மட்கார்டு ரப்பரும் குஞ்சமும் கண்ணாடியும் தோரணமாகத் தொங்கின. சம்பத் வண்டியைப் பார்த்ததும் எழுந்து வந்தான். ஆளை அடையாளம் தெரிந்துகொண்டு கையைக் கட்டிக்கொண்டான்.

“துளசிங்கம் அண்ணன் வண்டியா? கேள்விப்பட்டேன்மா. எத்தினி வாட்டி வந்து நின்னு பாத்துட்டுப் போவாரு தெரியுமா? வண்டி வாங்கறதுக்கு முன்னாடியே வருவாரு. ‘சம்பத்து, இந்தப் படுதா தண்ணி ஒழுவுமா’ம்பாரு. ‘அண்ணே, மொதல்ல வண்டி வாங்குண்ணே’ம்பேன்.”

வியாபாரம் ஆரம்பித்தது.

கண்ணாடி, கால்மிதி ரப்பர், இரண்டு பக்கமும் சுருட்டிக் கட்டுகிற படுதா. இதிலெல்லாம் பேச்சு வளரவில்லை. ஹாரனில்தான் வளர்ந்தது. ரப்பர் பந்து வைத்த ஹாரன்களை சம்பத் ஒவ்வொன்றாக அமுக்கிக் காட்டினான்.

“இது வாத்து. இது கன்னுக்குட்டி. இத அமுக்கினா ஜி.எஸ்.டி ரோட்ல லாரிகாரன் திரும்பிப் பாப்பான்.”

“மனுசன் மாதிரி எதுவும் கத்தாதா?” என்றாள் தாயாரம்மாள்.

“அதுக்கு டிரைவர் கீறான்மா, உள்ள.”

சிட்டிபாபு சிரித்துவிட்டு, அண்ணியைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். சாமுண்டீஸ்வரி வாத்தை எடுத்துக் கொடுத்தாள்.

“சீட்டு இன்னா கலர்மா? கறுப்பு செவப்பு மட்டும் வேணாம், கட்சி வண்டின்னுடுவான். அண்ணன் செவப்புல ஒண்ணு நீலத்துல ஒண்ணு துண்டு வாங்கிகினு போனாரு. வூட்ல கேட்டு சொல்றேன்னாரு.”

சாமுண்டீஸ்வரி இரண்டு ரெக்ஸின் சுருளையும் பார்த்துக்கொண்டு நின்றாள். வீட்டில் கேட்டான். வீட்டில் பதில் சொல்லவில்லை. இனிமேல் எதைச் சொன்னாலும் அது அவன் கேட்டதற்குப் பதில் ஆகாது.

“நீலமே போடுப்பா” என்றாள் தாயாரம்மாள். “இந்த நெலமைல செவப்பு இன்னாத்துக்கு?”

“உக்கார்ற எடம் செவப்பு. சாயற எடம் நீலம்” என்றாள் சாமுண்டீஸ்வரி.

“அப்படி யாரும் போட மாட்டாங்களேம்மா.”

“கட்சிக் கொடி எதுனா அப்படி கீதா?”

சம்பத் யோசித்தான். “இல்ல.”

“அப்ப போடுங்க.”

ஆள் உள்ளே தைத்துக்கொண்டிருந்த நேரத்தில் சிட்டிபாபு, எச்சிலை விழுங்கிக்கொண்டு, “ஸ்டெப்னி ஒண்ணு...” என்றான்.

“அது அண்ணன் வேணான்டாரே” என்றான் சம்பத். “நானும் கேட்டேன், ரிம்மு டயரு எல்லாம் சேத்துத் தரேன்னு. ‘அது கூடுவாஞ்சேரில ஞானம்மாகிட்ட சொல்லி வச்சிட்டேன்’னு சொன்னாரு.”

தாயாரம்மாள் சாமுண்டீஸ்வரி பக்கம் திரும்பினாள்.

“கேட்டுக்கினியா?” தாயாரம்மாளின் குரல் உடைந்தது. “பேரும் தெரிஞ்சு போச்சு. ஞானம்மா! எங்க வூட்டுக்காரரு பொய் சொல்றாருன்னு நெனச்சியே. கடைக்காரன் வரைக்கும் தெரிஞ்சிருக்கு, கட்டினவளுக்குத்தான் தெரியல.”

“இன்னாம்மா, நான் எதுனா தப்பா...” என்று சம்பத் விழித்தான்.

சாமுண்டீஸ்வரிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரு வாரமாகத் தூக்கமில்லாத கண்ணில் எரிச்சல்தான் இருந்தது. இன்னொரு வாரம் இப்படி இருக்க முடியாது என்று மட்டும் தெரிந்தது.

“சிட்டி, கூடுவாஞ்சேரிக்கு வுடு.”

“அண்ணி...”

“அந்த ஞானம்மாவ நான் பாக்கணும்.”

“பாத்து?” என்றாள் தாயாரம்மாள். “பாத்து இன்னா பண்ணப் போற? அவ மூஞ்சில நான் முழிக்க மாட்டேன். நீ போறதா இருந்தா என்ன பஸ் ஏத்தி வுட்டுட்டுப் போ.”

சீட்டைத் தைத்து மாட்டியதும், அவளைப் பஸ் ஏற்றிவிட்டுப் போனார்கள்.

பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம். புதுச் சீட்டின் ரெக்ஸின் வெயிலில் சூடேறி, புடவையோடு ஒட்டிக்கொண்டது. எதிரே கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. போய்ச் சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். என்னத்தைக் கேட்பது? நீ எத்தனை நாளாக? உனக்கு யார் சாவுச் சேதி சொன்னது? சொல்ல யாரும் வராமல் நீ இன்னும் அவனுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறாயா? கடைசிக் கேள்வி வந்தபோது அந்த முகம் தெரியாதவள்மேல் கோபம்கூடச் சரியாக நிற்காமல் நழுவியது. அதுதான் அவளுக்கு இன்னும் சலிப்பாக இருந்தது.

கூடுவாஞ்சேரி ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் சிட்டிபாபு இறங்கிக் கேட்டான்.

“ஞானம்மாவா? ரயில்வே லைன தாண்டி, புது லே-அவுட் ரோட்ல, மொத வூடு” என்றான் டீக்கடைக்காரன். வண்டியைப் பார்த்தான். “ஆட்டோகாரங்க எல்லாம் அவகிட்டதான் போவாங்க.”

சிட்டிபாபு காது சிவக்கத் திரும்பி வந்தான்.

லே-அவுட் என்றால் கல் நட்ட வெட்டவெளி. அகலமான செம்மண் ரோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. வீடுகள் இங்கொன்று அங்கொன்று. முதல் வீட்டுக்கு ஓட்டுக் கூரை. வாசற்கதவு திறந்திருந்தது. உள்சுவரில் மாதா படம். அதன் கீழே ஆணியில் ஓர் ஆண்சட்டை தொங்கியது.

சாமுண்டீஸ்வரி வாசலிலேயே நின்றுவிட்டாள். சட்டையின் கழுத்தையும் தோளையும் பார்த்தாள். இடது தோள் வலதைவிடக் கொஞ்சம் இறக்கம். பதினேழு வருஷம் துவைத்துக் காயப்போட்டவளுக்கு அந்தத் தோளைத் தெரியாதா? தையற்காரனிடம் சொல்லி அப்படி வெட்டித் தைக்கச் சொல்வான்.

ஆனால் அது காக்கி.

“யாரு?” வீட்டின் பக்கவாட்டிலிருந்து குரல் வந்தது. கையில் டியூபும் உப்புத்தாளுமாக ஒரு பெண்பிள்ளை வந்தாள். ஐம்பது வயது இருக்கும். புடவையை இடுப்பில் சொருகியிருந்தாள். முழங்கைவரை கறுப்பு. அவளுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியும் காற்றடிக்கிற பம்பும் பழைய டயர் குவியலும் தெரிந்தன. பஞ்சர் கடை.

“நீங்க...?”

“ஞானம்மா. இன்னா, பஞ்சரா?” வண்டியைப் பார்த்தாள். சந்தனப் பொட்டின் தடத்தைப் பார்த்தாள். சாமுண்டீஸ்வரியின் வெறும் நெற்றியைப் பார்த்தாள். கையிலிருந்த டியூபைக் கீழே வைத்துவிட்டாள். “துளசிங்கம் வூட்டம்மாவா?”

சாமுண்டீஸ்வரி தலையசைத்தாள்.

“வாரா வாரம் வர்றவரு, வரலயேன்னு பாத்துகினு இருந்தோம். போன வாரம்தான் எங்க வூட்டுக்காரருக்குத் தாம்பரம் ஸ்டாண்டுல சொல்லியிருக்காங்க. உக்காரும்மா. ஏசுவே. உக்காரு.”

பெஞ்சியில் உட்கார வைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். கேட்காமலே சொன்னாள். சொல்வதற்கு ஆள் கிடைக்காமல் இருந்தவள் போலச் சொன்னாள்.

“எங்க வூட்டுக்காரரு அந்தோணிசாமி, பழைய ஆட்டோ ஒண்ணு வச்சிருக்காரு. அதுலதான் கத்துக்கினாரு உங்க வூட்டுக்காரரு. இந்த லே-அவுட் ரோட்ல ஆளு கெடையாது, போலீசு கெடையாது. ஞாயித்துக்கெழம ஆனா வந்துடுவாரு. வெள்ள சட்டைய கழட்டி மடிச்சு அங்க வச்சிட்டு, காக்கிய மாட்டுவாரு. ‘இன்னாத்துக்குய்யா இவ்ளோ தூரம் வந்து கத்துக்கற, செம்பாக்கத்துல ரோடு இல்லயா’ன்னு கேட்டேன். ‘அங்க என் வரப்புல கூலிக்கு நட்டவங்க கீறாங்க ஞானம்மா. அவங்க முன்னாடி வண்டி ஆஃப் ஆயி நிக்கக் கூடாது. நல்லா வந்தப்பறம் ஒரு நாள் காக்கியோட வூட்டு வாசல்ல போய் எறங்கறேன்’னாரு. லைசென்சு கூட எடுத்துட்டாரு.”

“வாடகைக்கு விடறதா சொன்னாரு” என்றான் சிட்டிபாபு மெல்ல.

“ஊருக்குச் சொல்லியிருப்பாரு. அடுத்தவன் கைல குடுத்துட்டு உக்காந்து தின்ன முடியாதுன்னுவாரு.”

எழுந்து போய் டயர் குவியலுக்குப் பின்னாலிருந்து ஒரு சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்தாள். புது ரிம், புது டயர். ரிம்முக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்திருந்தது. “சொல்லி வச்சிருந்தாரு. காசெல்லாம் குடுத்தாச்சு. எடுத்துப் போங்க.”

சிட்டிபாபு சக்கரத்தை வாங்கிக்கொண்டான். திடீரென்று அதைக் கட்டிக்கொண்டு அழுதான். லேத் ஓட்டும் கை. சத்தம் வராமல் அழத் தெரியவில்லை.

ஞானம்மாள் அவனைத் தேற்றுவதற்காகத்தான் அடுத்ததைச் சொல்லியிருக்க வேண்டும்.

“சிரிக்க வைக்கற மனுசன்பா அவரு. மொத சவாரி யாருன்னு தெரியுமா? லைசென்சு விஷயமா ஒரு வெள்ளிக்கெழம வந்திருந்தாரு. எங்க வூட்டுக்காரரு ஸ்டேஷன் வாசல்ல டீ குடிக்க எறங்கியிருக்காரு. இவரு வண்டில உக்காந்திருக்காரு. மின்சார வண்டிலருந்து எறங்கி ஒரு பெரிய மனுசன், வெள்ள வேட்டி, நேரா வந்து பின்னால ஏறி, ‘போப்பா’ன்றாரு. இவரு திரும்பிப் பாத்தா, அக்கா புருசனாம்!”

சிட்டிபாபு அழுவதை நிறுத்தினான்.

“எறங்கவும் முடியல, எறக்கவும் முடியல. ‘இங்க இன்னாடா வேல உனக்கு’ன்னு அவரு கேட்டிருக்காரு. இவரு, ‘ஸ்டெப்னி சொல்லி வச்சிருக்கேன் மாமா’ன்னிருக்காரு. அப்பறம் ரெண்டு பேரும் பேசவே இல்லயாம். மூணாவது தெருவுல பச்ச கேட்டு வூட்டு வாசல்ல எறக்கி வுட்டுட்டு வந்து, இதே பெஞ்சில உக்காந்து வயித்தப் புடிச்சிகினு சிரிச்சாரு. ‘அவரு என்ன காக்கில பாத்துட்டாரு. நான் அவர பச்ச கேட்ல பாத்துட்டேன். ரெண்டு பேரும் வாயத் தொறக்க மாட்டோம்’னாரு. அந்தப் பெரியவரு இன்னும்தான் வந்துகினு கீறாரு, வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழம. அந்த வூட்டம்மா பாவம், நல்ல மாதிரி...”

ஞானம்மாள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். “ஐயோ. சொல்லியிருக்கக் கூடாதோ?”

“இல்லக்கா” என்றாள் சாமுண்டீஸ்வரி. “நல்லதுதான்.”

காக்கிச் சட்டையை ஞானம்மாள் மடித்துக் கொடுத்தாள். பையில் சீவல் பொட்டலம் பாதி மிச்சம் இருந்தது.

திரும்பி வரும்போது ஊரப்பாக்கம் தாண்டுகிறவரை சிட்டிபாபு பொறுத்துக்கொண்டான்.

“அண்ணி. மாமா இருக்காரே...”

“ரோட்டப் பாத்து ஓட்டு.”

“அண்ணன் சொன்ன அதே வார்த்தைய எடுத்துகினு போய், அண்ணன் மேலயே போட்டிருக்காரு அண்ணி. மீன்காரி பாத்தது இவர. அக்கா கேட்டதும், செத்தவன் வந்தா சாட்சி சொல்லப் போறான்னு...”

“தெரியுது.”

“அக்காகிட்ட இன்னிக்கே சொல்லணும். கடைல வச்சு உங்கள இன்னா பேச்சு பேசிச்சு!”

சாமுண்டீஸ்வரியின் மடியில் காக்கிச் சட்டை இருந்தது. சந்தேகம் போனால் பாரம் குறையும் என்று நினைத்துத்தான் புறப்பட்டாள். குறையவில்லை. இத்தனை நாள் அவன்மேல் கொஞ்சம் கோபப்பட இடம் இருந்தது. துக்கத்தில் ஒரு மூலையை அது பிடித்துக்கொண்டிருந்தது. இப்போது அந்த இடமும் காலி. முழுசாக அவன் போயிருந்தான்.

சிட்டி சொல்வது நியாயம்தான். தாயாரம்மாள் வாயை அடைக்க ஒரு வார்த்தை போதும். அதே வார்த்தை. ஆனால் அந்த வார்த்தையோடு ஒரு வாரம் சமைத்து, ஒரு வாரம் விளக்கேற்றி, ஒரு வாரம் கண்ணைத் திறந்துகொண்டு படுத்தவள் சாமுண்டீஸ்வரி. அவளுக்காவது புருஷன் போய்விட்டான், முகத்தைப் பார்க்க வேண்டாம். தாயாரம்மாள் தினமும் அந்த முகத்துக்குச் சோறு போட வேண்டும்.

வாசலில் வண்டி நின்றபோது தாயாரம்மாள் காத்துக்கொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது. பக்கத்தில் நாற்காலி போட்டு சுப்பராயலு உட்கார்ந்திருந்தார். மத்தியானமே விஷயம் போயிருக்க வேண்டும். வெற்றிலையை மெல்லாமல் ஒரு கன்னத்தில் அடக்கி வைத்திருந்தார்.

“இன்னாடி? பாத்தியா?” என்றாள் தாயாரம்மாள்.

“பாத்தேன் அக்கா.”

“எப்படி கீறா?”

சாமுண்டீஸ்வரி பின்சீட்டின் பின்னால் கையைக் காட்டினாள். “கறுப்பா, வட்டமா. நடுவுல மட்டும் மஞ்சள். வந்து பாருங்க.”

தாயாரம்மாள் வந்து பார்த்தாள். சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தாள். “அப்ப ஞானம்மா...?”

“பஞ்சர் கடை. அம்பது வயசு இருக்கும். இவரு அங்கதான் வண்டி ஓட்டக் கத்துக்கினாராம்.”

தாயாரம்மாளுக்கு முகம் எப்படியோ ஆகிவிட்டது. சக்கரத்திலிருந்து கையை எடுக்காமலே, “என் தம்பி... நான் இன்னா பேச்சுப் பேசிட்டேன்” என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். “ஏங்க, நீங்கதான சொன்னீங்க?”

“எவனோ சொன்னத சொன்னேன்” என்றார் சுப்பராயலு. “ஸ்டெப்னின்னான், நானும் ஸ்டெப்னின்னேன். நீயா ஒண்ணு நெனச்சிகினா?” குரல் சரியாகத்தான் வந்தது. பார்வைதான் சாமுண்டீஸ்வரியிடமிருந்து சிட்டிபாபுவுக்கும், சிட்டிபாபுவிடமிருந்து திரும்ப அவளுக்கும் போய் வந்தது. “அவ்ளோ தூரம் போனீங்களே, வேற யாரையாச்சும் பாத்தீங்களா?”

சிட்டிபாபு வாயைத் திறந்தான்.

“வெயில்ண்ணே” என்றாள் சாமுண்டீஸ்வரி. “யாரும் வெளிய இல்ல.”

உள்ளே போனாள். காக்கிச் சட்டையை வாளியில் நனைத்து, சோப்புப் போட்டு, அலசிப் பிழிந்து எடுத்துக்கொண்டு வந்தாள். வழக்கமாகத் துணி காயப்போடுவது பின்கட்டில். அன்று வாசலில், ஆட்டோவின் கம்பியிலிருந்து முருங்கை மரத்துக்கு ஒரு கயிற்றைக் கட்டச் சொன்னாள். தெருவே பார்க்கிற இடத்தில், சுப்பராயலுவின் முகத்துக்கு நேராகச் சட்டையை உதறி விரித்துப் போட்டாள். ஒரு தோள் இறக்கமாகத் தொங்கியது.

சுப்பராயலு அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எழுந்து போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

“நாளைக்கு சேட்டுகிட்ட இன்னா அண்ணி சொல்றது?” என்று சிட்டிபாபு கிசுகிசுத்தான்.

“வண்டி வாடகைக்கு இல்லன்னு சொல்லு.”

“அப்ப யாரு ஓட்டறது?”

வண்டிச் சாவியை அவன் கையிலிருந்து வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று. தாயாரம்மாள் தினமும் ஒரு பாத்திரத்தில் எதையாவது கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தம்பி படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள். சாமுண்டீஸ்வரி பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்தாள். சிட்டிபாபு அக்காள் வீட்டுப் பக்கமே போகவில்லை. போனால் வாய் நிற்காது என்று அவனுக்கே பயம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சுப்பராயலு வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு, கூடுவாஞ்சேரிப் பக்கம் போகிற மின்சார வண்டியைப் பிடிக்கப் போனார். சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தது தாயாரம்மாள்தான்.